எட்டாம் வகுப்பு முடிந்த பிள்ளைக்கு இந்தக் கோடை

"யூனில பள்ளி முடிஞ்சுது, இனி செப்ரெம்பரிலதானே" என்று விட்டுவிடும் பெற்றோர் பலர். ஒன்ராறியோவில் 8ஆம் வகுப்பு முடித்த பிள்ளையை அப்படி விடுவது நல்லதல்ல. ஊரில் 6ஆம் வகுப்பில் சேர்ந்த பள்ளியிலேயே ஓ.எல். வரை படிக்கலாம். இங்கே 9ஆம் வகுப்புக்குப் பெரும்பாலும் வேறு பள்ளி, பாடத்துக்குப் பாடம் வேறு அறை. டிப்ளோமாவுக்குத் தேவையான 30 கிறெடிற்றும் அங்கேதான் எண்ணத் தொடங்கும்.

யூலையில் பல கல்விச் சபைகள் "ரீச் அஹெட்" வகுப்புகளை நடத்துகின்றன. சிலவற்றில் கிறெடிற் உண்டு. சிலவற்றில் ஆங்கிலமும் கணிதமும் பழக்குவதோடு சரி. ஒரு முழுக் கிறெடிற் என்றால் 110 மணித்தியாலம். அதை ஒரு மாதத்துக்குள் முடிப்பதென்றால் விளையாட்டில்லை. ஆகவே இளவேனிலிலேயே 8ஆம் வகுப்பு ஆசிரியரிடம் விசாரியுங்கள். பிள்ளை சித்தியடையாவிட்டாலும் பயம் வேண்டாம்: 9ஆம், 10ஆம் வகுப்புகளில் சித்தியடைந்த பாடங்கள் மட்டுமே அதிகாரபூர்வ பெறுபேற்றுத் தாளில் ஏறும். ஆனாலும் வந்து ஆறு மாதமான பிள்ளையை, "மற்றப் பிள்ளையள் போகினம்" என்பதற்காகக் கிறெடிற் வகுப்புக்குத் தள்ளாதேங்கோ. அந்தப் பிள்ளைக்கு முதலில் தேவை ஆங்கிலம். ஈ.எஸ்.எல். வகுப்பென்றால் மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்களும் இருக்கினம். உண்மையில் 3 ஈ.எஸ்.எல். கிறெடிற்றுகள் வரை கட்டாய ஆங்கிலக் கிறெடிற்றாகவே கணக்கில் வரும்.

புதிதாய் வந்த பிள்ளைகளுக்கு இன்னொன்றும் உண்டு. ஓகஸ்ட் கடைசியில், பள்ளி திறக்குமுன், சில உயர்நிலைப் பள்ளிகளில் புதியவர்களுக்கான அறிமுக வாரம் நடக்கும். மூத்த மாணவர்களே கட்டிடத்தைச் சுற்றிக் காட்டி, நேரசூசியை வாசிக்க, லொக்கர் பூட்டைத் திறக்கப் பழக்குவார்கள். சின்ன விசயம்தான். ஆனால் முதல்நாள் யாரையும் தெரியாமல் நிற்கும் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். பள்ளிகளில் வேலை செய்யும் குடியேற்ற ஊழியரிடம் இதைப்பற்றிக் கேளுங்கள்.

டிப்ளோமாவுக்கு 40 மணித்தியாலத் தொண்டும் வேண்டும். அதை இந்தக் கோடையிலேயே தொடங்கலாம். எது கணக்கில் சேரும் என்று முதலே பள்ளியில் கேட்டு, பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்குங்கோ.

அகதிக் கோரிக்கை முடிவாகவில்லை என்று பதியத் தயங்கும் குடும்பங்கள் எங்களிடம் வருவதுண்டு. தயங்க வேண்டியதில்லை. பெற்றோருக்கோ பிள்ளைக்கோ கனடாவில் சட்டபூர்வ அந்தஸ்து இல்லை என்ற காரணத்துக்காக, 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சேர்க்க மறுக்கக்கூடாது என்று ஒன்ராறியோ கல்விச் சட்டம் 49.1ஆம் பிரிவு சொல்கிறது. அகதிக் கோரிக்கையாளரின் பிள்ளைகளுக்கு அரச பள்ளியில் கட்டணமும் இல்லை. கோடையில் பள்ளி அலுவலகங்கள் சில கிழமைகள் பூட்டியிருக்கும். ஆகவே முகவரிச் சான்று, தடுப்பூசி அட்டை, பழைய பள்ளித் தேர்ச்சி அறிக்கை ஆகியவற்றோடு யூன் முடியமுன் போய்ப் பதியுங்கள். தேர்ச்சி அறிக்கை ஊரிலேயே தவறிவிட்டால், இருப்பதை எடுத்துக்கொண்டு போங்கோ.