கரிசல் வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரி உதவி: ஆறாம் வகுப்பிலேயே கவனியுங்கள்

புரட்டாசி பிறந்துவிட்டால் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதி விவசாயிகள் எங்களிடம் கேட்பது உளுந்து விதை நேர்த்தி, மக்காச்சோளப் படைப்புழு, பருத்திக்கு ஏற்ற ரகம் பற்றித்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் உளுந்துச் செயல்விளக்கத் திடலில் ஒரு விவசாயி வேறொன்று கேட்டார். அவருடைய மகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ படித்து வந்தாள். நல்ல மதிப்பெண். பள்ளி ஹாக்கி அணியில் இருந்தாள். கமிஷன் மண்டியில் தகப்பனார் போடும் சரக்குக்கு எடையும் தரகும் கணக்குப் பார்ப்பவளும் அவள்தான். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் சேர ஆசை.

"ஏழரை சதவீதம்னு சொல்றாகளே, அது நம்ம பிள்ளைக்குக் கெடைக்குமா ஐயா?"

ஆறாம் வகுப்பு எங்கே படித்தாள் என்று கேட்டேன். ஆறு முதல் எட்டு வரை வேன் வைத்துத் தனியார் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார். மழை பொய்த்த ஆண்டில் கட்டணம் கட்ட முடியாமல் ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றியிருக்கிறார். கிடைக்காது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. சொன்னபின், "ஆட்டை வித்துல்லா ஐயா பீஸ் கட்டுனேன்" என்று மட்டும் சொன்னார்.

விவரம் இதுதான். 2021 இல் தமிழக அரசு கொண்டுவந்த சட்டப்படி, பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடங்கள் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு முன்னுரிமையாக ஒதுக்கப்படுகின்றன. மருத்துவப் படிப்புக்கு இது 2020 லேயே வந்துவிட்டது. இவ்வாறு சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. மானாவாரி விவசாயிக்கு இதைவிடப் பெரிய உதவித்தொகை வேறு கிடையாது என்பது என் கருத்து. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை ஏழு ஆண்டுகளும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் இலவசமாகப் படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பணம் கட்டிப் படித்தவர்களுக்கு இல்லை.

இன்னொன்றையும் விவசாயிகள் கவனிக்க வேண்டும். அரசுப் பள்ளி வேறு, அரசு உதவி பெறும் பள்ளி வேறு. நம் பகுதியில் உதவி பெறும் பள்ளிகள் பல உண்டு, நன்றாகவே நடக்கின்றன. ஆயினும் 7.5 சதவீதம் அவற்றுக்குப் பொருந்தாது. கல்லூரி மாணவிகளுக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண் திட்டமும் 2022 இல் அரசுப் பள்ளி மாணவிகளுக்கென்றே தொடங்கியது. பிறகுதான் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 இல் வந்தது. பள்ளியை மாற்றுமுன் தலைமையாசிரியரிடம் இதைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

அடுத்து எட்டாம் வகுப்பு. தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தேர்வை எழுத அரசு, அரசு உதவி பெறும் பள்ளி இரண்டிலும் படிப்பவர்களுக்குத் தகுதி உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.3,50,000 க்குள் இருக்க வேண்டும். தேர்வு பெற்றால் ஒன்பது முதல் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு ரூ.12,000, நான்கு ஆண்டுக்கு ரூ.48,000. தமிழகத்துக்கு ஆண்டுதோறும் 6,695 பேர். மொத்தம் 180 கேள்விகளில் பாதி பாடத்திலிருந்து வரும், மறுபாதி மனத்திறன். எண் வரிசையில் விட்டுப்போனதைக் கண்டுபிடிப்பது, பொருந்தாததை நீக்குவது போன்றவை. மனப்பாடம் இங்கே உதவாது. வத்தல் மூட்டைக்குத் தரகும் கூலியும் கழித்துக் கணக்குச் சொல்லும் பிள்ளைக்கு இது கடினமன்று. பழைய வினாத்தாள்கள் பத்துப் போட்டுப் பார்த்தால் போதும்.

இடைஞ்சல் வேறிடத்தில் இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் இத்தேர்வு பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் நடந்துள்ளது. உளுந்து பறிப்பு முடிந்து பருத்தி எடுக்கும் நேரம். ஆள் கிடைக்காத குறைக்குப் பிள்ளையைக் காட்டுக்கு அழைத்துப் போகிறோம். பள்ளியில் அந்த வாரம்தான் பயிற்சி நடக்கும். கூலி எவ்வளவு மிஞ்சியது, ரூ.48,000 எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். தேர்வு பெற்ற பின்னும் ஆண்டுதோறும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் பெற வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 55.

விளையாட்டு பற்றி ஒரு வார்த்தை. கோவில்பட்டி ஹாக்கி ஊர். இவ்வூர் மாரீஸ்வரன் சக்திவேல், 2022 இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடினார். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு; வேளாண் பல்கலைக்கழகத்திலும் தனி ஒதுக்கீடு உண்டு. "பந்தடிச்சாச் சோறு வருமா?" என்று பிள்ளையை அதட்டும் பெரியவர்கள் இதை அறிவது நல்லது. ஆனால் ஆடினால் மட்டும் போதாது. மாவட்ட, மாநிலப் போட்டிச் சான்றிதழ்களைப் பத்திரப்படுத்த வேண்டும். தேர்ச்சி மதிப்பெண்ணும் வேண்டும்.

நான் சொன்ன அந்தப் பெண்ணுக்குப் பொதுத் தரவரிசையில் இடம் கிடைத்தது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதால் கல்விக் கட்டணச் சலுகையும் கிடைத்தது. விடுதிச் செலவு தகப்பனார் பொறுப்பு. அவ்வாண்டு இரண்டு ஏக்கர் உளுந்துப் பணம் அதற்கே போயிற்று. அவருடைய இளைய மகன் அப்போது ஐந்தாம் வகுப்பு. மறு ஆண்டு அவனை ஊருக்கு அருகிலுள்ள அரசுப் பள்ளியிலேயே ஆறாம் வகுப்பில் சேர்த்திருக்கிறார்.

சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றுகளை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துப் பெறலாம். பள்ளிப் பதிவேடு, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆறாம் வகுப்பு முதல் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியர் கையொப்பமிட்ட படிப்புச் சான்றை, பிள்ளை அங்கிருந்து மாறும்போதே வாங்கி வைத்துக் கொள்ளுங்கள்.