ஆடாமல் அசையாமல் ஓர் ஆட்டம்

1972 ஜனவரி. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஓபர்லின் என்ற கல்லூரி ஊர். அங்கே ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில், மல்யுத்தத்துக்குப் போடும் மெத்தைமேல் மாணவர்கள் சிலர் ஒருவர்மீது ஒருவர் பாய்கிறார்கள். மோதிச் சரிகிறார்கள், உருண்டு எழுகிறார்கள், எழுந்த வேகத்தில் மறுபடி பாய்கிறார்கள். யாருக்கும் அடவு சொல்லிக்கொடுக்கப்படவில்லை. கொஞ்ச நேரம் இப்படியே போகிறது. பிறகு எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். கைகளைத் தொங்கவிட்டு, வெறுமனே. ஐந்து நிமிடம் போல நின்றுகொண்டே இருக்கிறார்கள். நிகழ்ச்சி முடிந்துவிடுகிறது.

'மெக்னீசியம்' என்ற அந்த நிகழ்ச்சியை அமைத்தவர் ஸ்டீவ் பாக்ஸ்டன். ஜிம்னாஸ்டிக்ஸ் பழகி வளர்ந்தவர். நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமின் குழுவில் சில ஆண்டுகள் ஆடியவர். ஜப்பானியத் தற்காப்புக் கலையான ஐகிடோவும் பயின்றவர். அந்தக் கூடத்தில் முளைவிட்டதுதான் 'காண்டாக்ட் இம்ப்ரொவைசேஷன்'. இரண்டு உடல்கள், தொட்டுக்கொண்டிருக்கும் புள்ளியில் எடையைக் கொடுத்தும் வாங்கியும், முன்கூட்டி எதையும் முடிவுசெய்யாமல் ஆடும் முறை அது. இன்று உலகின் பல நகரங்களில் ஆடப்படுகிறது. பார்க்கப் போகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது பாய்ச்சலும் தூக்கலும்தான். என் மனம் போய் நிற்பது அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில். 2024இல் மறைந்த பாக்ஸ்டன் அதற்கு வைத்த பெயர் 'சிறு நடனம்'.

நிற்பதற்கு எதற்கு நடனம் என்று பெயர்? நின்று பார்த்தால் தெரியும்.

செருப்பைக் கழற்றிவிட்டுச் சமதரையில் நில்லுங்கள். பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி போதும். முழங்காலை விறைக்க வேண்டாம். தோளையும் தாடையையும் தளரவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். விழாமல் இருக்க எவ்வளவு பலம் வேண்டுமோ, அதற்கு மேல் துளியும் செலவழிக்காமல் நிற்க வேண்டும். வேறு வேலை இல்லை. முதல் அரை நிமிடம் எதுவுமே நடக்காததுபோல இருக்கும். பிறகு பாதத்தின் அடியில் ஏதோ நகர்வது தெரியும். எடை பெருவிரல் பக்கம் வரும், அங்கிருந்து குதிகாலுக்குப் போகும், இடப்பாதத்தின் வெளிவிளிம்பில் ஒரு கணம் தங்கும். விரல்கள் தாமாகவே தரையைக் கவ்வி விடும். மூச்சு உள்ளே போகும்போது ஒருவிதமாகவும் வெளியே வரும்போது வேறுவிதமாகவும் உடம்பு சாயும். இதயத்தின் ஒவ்வொரு துடிப்பும் உடம்பை மிக லேசாக உலுக்கும். இதில் எதையும் நீங்கள் செய்யவில்லை. தத்தித் தத்தி எழுந்து நின்ற முதல் நாளிலிருந்து இது நடந்துகொண்டேதான் இருக்கிறது. பாக்ஸ்டன் நடனம் என்றது இதைத்தான். உவமையாகச் சொல்லவில்லை; கண்டதை அப்படியே சொன்னார்.

நிற்பது உடம்புக்கு லேசான காரியம் இல்லை. ஐந்தரை அடி உயரத்தை இரண்டு பாதங்கள் தாங்க வேண்டும். உச்சியில் நான்கரை, ஐந்து கிலோ எடையுள்ள தலை வேறு. உடலின் எடை மையம் இடுப்புக்குள், முதுகெலும்பின் அடிப்பகுதியை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து தரைக்குத் தூக்குநூல் விட்டால், அது கணுக்கால் மூட்டுக்குச் சில சென்டிமீட்டர் முன்னால் விழும். அதனால் நிற்கும் உடம்பு எப்போதும் முன்னால் விழப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. கெண்டைக்கால் தசைகள் அதை விடாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கின்றன. விளக்குமாற்றை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தி விளையாடும் பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். விளக்குமாறு நேராக நிற்பதே இல்லை. கை ஓயாமல் நகர்வதால்தான் அது விழாமல் இருக்கிறது. கெண்டைக்கால் தசையும் இப்படித்தான், விநாடிக்கு இரண்டு மூன்று முறை சின்னச் சின்னத் தள்ளல் கொடுக்கிறது. அல்ட்ராசவுண்ட் கருவியைக் காலில் வைத்து இதை அளந்திருக்கிறார்கள்.

எப்போது, எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்ற செய்தி மூன்று இடங்களிலிருந்து வருகிறது: கண், உட்காது, அப்புறம் பாதத்திலும் மூட்டுகளிலும் தசைகளிலும் உள்ள உணர்வு நரம்புகள். கண்ணை மூடினால் மூன்றில் ஒன்று போய்விடும், உடம்பின் ஆட்டம் கூடும். கண்ணை மூடச் சொன்னது அதற்காகத்தான்.

என் பள்ளியில் காலைக் கூட்டத்தின்போது வாரம் ஒரு பிள்ளையாவது மயங்கி விழும். வெயில், வெறும் வயிறு என்று காரணம் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். மூன்றாவது காரணத்தை யாரும் சொல்லவில்லை: "ஆடாம அசையாம நில்லு" என்ற கட்டளை. முழங்காலைப் பூட்டி விறைப்பாக நிற்கும்போது இரத்தம் கால்களிலேயே தேங்குகிறது. அதை மேலே இதயத்துக்கு ஏற்றிவிடுவது கெண்டைக்கால் தசையின் சுருங்கலும் விரியலும். காலைக் கட்டிப்போட்டால் அந்தப் பம்பு ஓடாது, மூளைக்குப் போகும் இரத்தம் குறையும், பிள்ளை சாயும். நானும் ஒருமுறை விழுந்திருக்கிறேன். கண்ணுக்குள் மஞ்சள் புள்ளிகள் பரவியதும், பக்கத்துப் பையனின் சட்டைப் பித்தான் என் கன்னத்தில் உரசியதும் இன்னும் நினைவிருக்கிறது. சிறு நடனம் கேட்கும் அசையாமை இதற்கு நேர் எதிரானது. உடம்பின் சின்ன அசைவுகளைத் தடுக்காமல், பெரிய அசைவுகளை மட்டும் தள்ளிப்போடுவது.

மேடையில் நிற்பதைப் பார்க்கும் கண்ணும் மெல்லத்தான் பழகியது. அமெரிக்க நவீன நடனத்தின் முன்னோடிகளில் ஒருவரான டோரிஸ் ஹம்ஃப்ரி, அசையாத சமநிலை ஒரு முனை, தரையில் விழுந்து கிடப்பது மறுமுனை, இரண்டுமே ஒருவகையில் சாவு, இடையில் நடப்பதே நடனம் என்ற பொருளில் பேசியவர். 1957இல் நியூயார்க்கில் நடனக் கலைஞர் பால் டெய்லர் தன் நிகழ்ச்சி ஒன்றில் 'டூயட்' என்றொரு பகுதியை அரங்கேற்றினார். அவர் நின்றார், உடன் இருந்த பெண் உட்கார்ந்திருந்தார். இருவரும் அசையவே இல்லை. 'டான்ஸ் அப்சர்வர்' இதழில் லூயி ஹார்ஸ்ட் அந்த நிகழ்ச்சிக்கு எழுதிய விமர்சனம் ஒரு வெற்றிடம். அடியில் அவருடைய பெயரின் முதலெழுத்துகள் மட்டும். பேர்பெற்ற விமர்சனம் அது. ஆனாலும் எனக்கு அதில் வருத்தம் உண்டு. இரண்டு உயிருள்ள உடம்புகள் எதிரில் இருக்கும்போது தாளில் வெற்றிடம் விடுவது பார்வைக் குறைவென்றே நினைக்கிறேன். ஹம்ஃப்ரி சொன்ன முழுச் சமநிலை என்ற முனைக்கு எந்த உடம்பும் போய்ச் சேருவதே இல்லை என்பதுதான் பாக்ஸ்டன் காட்டியது.

சரி, இப்படி நிற்பதால் ஆடுகிறவருக்கு என்ன கிடைக்கிறது?

முன்தயாரிப்பில்லாமல் ஆடுவதன் பெரிய சிக்கல் பழக்கம். "உங்கள் இஷ்டம்போல ஆடுங்கள்" என்று சொன்னதும் உடம்பு தனக்குத் தெரிந்த இடத்துக்கே ஓடும். பரதம் படித்த கால் அரைமண்டியில் உட்காரும். சினிமாப் பாட்டுக்கு ஆடிய இடுப்பு அதே வெட்டை வெட்டும். மழையில் பதிந்த வண்டித்தடம்போல, சக்கரம் தானாகவே அதில் இறங்கிவிடுகிறது. வேகமாக ஆட ஆட அந்தத் தடம் ஆழமாகும். நிறுத்தினால் என்ன ஆகும்? கையைப் பாதி தூக்கிய இடத்திலேயே விட்டுவிட்டு நின்றால், அடுத்து வர வேண்டிய பழகிய அசைவு ஓர் அரிப்புபோல உள்ளே கிளம்பும். அதைச் செய்யாமல் இருங்கள். அது அடங்கும். இன்னொன்று கிளம்பும், அதுவும் பழகியதாகவே இருக்கும். அதையும் விடுங்கள். மூன்றாவதாகவோ நான்காவதாகவோ, எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத ஒன்று வரும். முழங்கை கனத்துத் தானாக இறங்கத் தொடங்கியிருக்கும். அல்லது எடை எப்போதோ வலக்காலுக்குப் போய்விட்டதால் இடக்கால் எழுவதற்குத் தயாராக இருக்கும். அங்கிருந்து ஆட்டம் தொடரும்.

இந்த இடைப்பட்ட நேரம் சுகமானதன்று. அடுத்தது என்ன என்று தெரியாமல் நிற்கும் பயம் அதில் உண்டு. மெக்னீசியம் நடந்தபோது ஓபர்லினில் மாணவியாக இருந்து, பின்னாளில் அந்த நடன முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவரான நான்சி ஸ்டார்க் ஸ்மித், இதற்கு 'இடைவெளி' என்ற பொருள்படப் பெயர் வைத்தார். அதை நிரப்ப அவசரப்படாமல் அதற்குள்ளேயே இருப்பதை ஒரு திறமையாக அவர் கருதினார். நம் இசையிலும் கார்வை என்ற இடைவெளி உண்டு. ஆனால் அது கணக்குக்குள் அடங்கியது, எத்தனை அட்சரம் என்று மிருதங்கக்காரருக்குத் தெரியும். இங்கே கணக்கு இல்லை. எப்போது முடியும் என்று நிற்பவருக்கே தெரியாது.

பாக்ஸ்டனுக்கு இன்னொரு நோக்கமும் இருந்தது. எதிர்பாராமல் விழும்போது மனித மனம் ஒரு நொடி அணைந்துவிடுகிறது. விழுந்த பிறகுதான் விழுந்தது தெரிகிறது. அந்த நொடியில் உடம்பைக் காப்பாற்றுவது அனிச்சைச் செயல். நிற்கும்போது அதே அனிச்சைச் செயல்கள் மிகச் சிறிய அளவில், ஆபத்தில்லாமல், ஓயாமல் நடக்கின்றன. அவற்றை அங்கே கவனித்துப் பழகியவர், ஒருவர் தோளிலிருந்து சரியும்போதும் விழிப்போடு இருக்கலாம் என்பது அவர் எண்ணம். நீச்சல் தெரியாதவரை முதலில் முழங்கால் தண்ணீரில் நிறுத்துவதுபோல.

புதிதாக ஆட வருகிறவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நில்லுங்கள் என்றதும், சின்ன வயதில் விளையாடிய 'ஸ்டேச்சு' ஆட்டம்தான் உடம்புக்கு ஞாபகம் வருகிறது. மூச்சைப் பிடித்து, கண்ணை உருட்டாமல், தசைகளை இறுக்கிக்கொள்கிறார்கள். அப்படி நின்ற உடம்பிலிருந்து அடுத்த அசைவு உடைத்துக்கொண்டுதான் வரும். ஊஞ்சல் உச்சிக்குப் போய், திரும்புவதற்கு முன் ஒரு கணம் தங்குமே, அதைப் பாருங்கள். அங்கே ஊஞ்சல் நிற்கிறது. சங்கிலியில் விறைப்பு குறைந்திருக்கிறது, கீழே வரப்போகும் வேகமெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. நல்ல இடைநிறுத்தம் இப்படி இருக்கும். நீண்ட நேரம் நிற்கும்போது அந்த வேகம் வடிந்துவிடும். அப்போது மூச்சும் எடையின் நகர்வும்தான் கைகொடுக்கும். மூச்சு ஓடுகிறதா என்று பார்த்தாலே ஸ்டேச்சுவா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

குழுவாக ஆடும்போது இடைநிறுத்தத்துக்கு வேறொரு பலம் வருகிறது. பத்துப் பேர் சுழன்றுகொண்டிருக்கும் கூடத்தில் ஒருவர் மட்டும் நின்றால், பார்க்கிறவர் கண் அவரிடம் போகும். எல்லோரும் நின்று ஒருவர் சுண்டுவிரலை அசைத்தால், கண் அந்த விரலுக்குப் போகும். ஆடுகிறவர்களுக்கும், நின்றால்தான் மற்றவர்களின் காலடி ஓசை காதில் விழுகிறது.

தொடுதல் சேரும்போது விஷயம் இன்னும் சுவையாகிறது. அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் லாக்னரும் ஜான் ஜெக்காவும் 1994இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கண்ணை மூடி நிற்பவர் ஒரு கம்பியை விரல்நுனியால் லேசாகத் தொட்டாலே அவருடைய ஆட்டம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. தொடும் அழுத்தம் நூறு கிராம் எடையளவு இருந்தாலே போதும். அந்த அழுத்தம் யாரையும் தாங்காது. விரல் தருவது தாங்கலை அல்ல, தகவலை: எந்தப் பக்கம் சாய்கிறோம் என்ற தகவல். கம்பிக்குப் பதில் இன்னொரு மனிதரைத் தொட்டாலும் இருவருடைய ஆட்டமும் குறைகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. அத்தோடு, இரண்டு உடம்புகளின் சாய்வும் ஒன்றோடொன்று இசைந்துபோகத் தொடங்குகிறது. காண்டாக்ட் ஆடுகிறவர்கள் தொட்ட புள்ளியைக் "கேட்கிறோம்" என்று சொல்வது வழக்கம். அந்தச் சொல்லில் மிகையில்லை என்று இந்த ஆய்வைப் படித்தபோது தோன்றியது.

பெங்களூரில் ஒரு பயிற்சி வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கூடத்தின் நடுவில் நின்றுவிட்டார்கள். ஒருவருடைய உள்ளங்கை மற்றவரின் தோள்பட்டை எலும்பின்மேல். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படியே இருந்தார்கள். முன்னால் நின்றவரின் பாதத்தைப் பார்த்தேன். பெருவிரல் தரையை அழுத்தி வெளுத்திருந்தது, பிறகு மெல்ல நிறம் திரும்பியது. உள்ளங்கை மூச்சோடு ஏறி இறங்கியது. எப்போது என்று பிடிபடவில்லை, இருவரும் ஒரே திருகலில் தரையை நோக்கிச் சுழன்று இறங்கினார்கள். வகுப்பு முடிந்து தண்ணீர் குடிக்க வந்தபோது, "முதலில் நகர்ந்தது யார்?" என்று கேட்டேன். இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள்.