சாகச வீரர்களும் வண்டிச் சாவியும்

மயிலாப்பூர் மாட வீதிகளிலும் அடையாற்றின் பாலத்தின்மீதும், பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாத பையன்கள் மூவராக ஒரே ஸ்கூட்டரில், தலைக்கவசமின்றிப் பறந்து செல்வதைக் காணும்போதெல்லாம், சாவியை எடுத்துக் கொடுத்த தகப்பனார்கள் சட்டத்தை ஒருமுறையேனும் வாசித்திருப்பார்களா என்ற கவலை என்னை வாட்டுகிறது.

1972-இல் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி வந்த நாள் முதல், இன்று பாண்டி பஜாரில் விற்கும் ஸ்பைடர்மேன் சட்டை வரையில், சாகச வீரர்கள் நம் பாலகர்களுக்குத் தர்ம சிந்தையை ஊட்டியிருக்கலாம். ஆனால் விழுந்தாலும் தேகத்துக்கு ஒன்றும் நேராது, சக்தியுள்ளவனுக்கு எவருடைய அனுமதியும் வேண்டாம் என்ற இரு பிரமைகளும் கூடவே வந்து ஒட்டிக்கொள்கின்றன. தொலைக்காட்சித் தொடரில் சக்திமானாக நடித்த முகேஷ் கன்னாவே, தம்மைப்போல் செய்து பார்க்க வேண்டாமென்று குழந்தைகளை எச்சரிக்க நேர்ந்தது. பதினைந்து வயதில் வண்டியைக் கொடுக்கும் பெற்றோரோ அவ்விரு பிரமைகளையும் மெய்யென்று ஆமோதிக்கிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு, சிறுவன் வண்டியோட்டிக் குற்றமிழைத்தால் பெற்றோரையோ வண்டியின் உரிமையாளரையோ குற்றவாளியாகக் கொள்கிறது: மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், பன்னிரண்டு மாதங்களுக்கு வண்டிப் பதிவு ரத்து; பையனுக்கோ 25 வயதுவரை உரிமம் கிடையாது. நமக்குத் தெரியாமல் எடுத்துப் போனான் என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் நம்முடையதே.

“பதினாறு வயதில் எல்.எல்.ஆர். எடுத்தால் ஸ்கூட்டி ஓட்டலாமே” என்பவர்கள் ஏராளம். அந்தப் பழகுநர் உரிமம், கியர் இல்லாத, 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டுமே. இன்று தெருவில் ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டர்களோ பெரும்பாலும் 100 சி.சி.யைத் தாண்டியவை. ஆகவே, உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஸ்கூட்டருக்குப் பதினெட்டு வயது நிறைய வேண்டும். நிறைந்தபின் வயது, முகவரிச் சான்றுகளுடன் ‘சாரதி’ இணையதளத்தில் எல்.எல்.ஆர். பெற்று, முப்பது நாள் கழித்து, அது காலாவதியாகும் ஆறு மாதத்துக்குள், மந்தைவெளியோ திருவான்மியூரோ, வசிக்கும் பகுதிக்குரிய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓட்டிக் காட்டலாம். இடையில் தரகருக்கு வேலையில்லை. தலைக்கவசமில்லாததற்கு அபராத ரசீது எழுதிவிட்டு, எதிரில் நிற்பவனின் வயதைக் கேளாமல் அனுப்பிவிடும் காவலரின் அசிரத்தையை எவ்வளவு கண்டித்தாலும் தகும்.

விபத்து நேர்ந்துவிட்டால் மாமாவோ சித்தப்பாவோ, “நான்தான் ஓட்டினேன்” என்று முன்வருவது வழக்கமாகிவிட்டது. அது பொய்ச் சாட்சியம். அதைச் செய்யாதீர்கள், வேறொருவர் சொன்னாலும் சம்மதியாதீர்கள். காப்பீட்டு நிறுவனம் அடிபட்டவருக்குக் கொடுக்கும் இழப்பீட்டையும், ஓட்டியவனுக்கு உரிமமில்லை என்று காட்டி உரிமையாளரிடமே வசூலிக்க வழியுண்டு.

பையனைக் காவலர் பிடித்தால் லாக்கப்பில் வைக்கலாகாது; இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின்முன் நிறுத்த வேண்டும். ஜாமீனும் அங்கேயே கேட்கலாம்; வக்கீலுக்குப் பணமில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கோரலாம். வயதை நிரூபிக்கப் பள்ளியின் பிறந்த தேதிச் சான்றையோ பத்தாம் வகுப்புச் சான்றிதழையோ முதலில் கொண்டுபோங்கள். அவை இல்லாதபோதுதான் மாநகராட்சியின் பிறப்புச் சான்றிதழ் கொள்ளப்படும்.