முளை முறிவது ஏன்?

கையில் குறடு இல்லாதபோது ஓர் இரும்புக் கம்பியை எப்படித் துண்டிப்பீர்கள்? ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியுமாக மடக்குவீர்கள். சிறிது நேரத்தில் அது ஒடிந்துவிடும். அதே கம்பியை இருவர் இரு முனைகளில் பிடித்து நேராக இழுத்தால் அறுக்க முடியாது. ஒரே திசையில் வரும் பெரிய விசையைத் தாங்கும் உலோகம், மாறி மாறி வரும் சிறிய விசைக்குத் தோற்றுவிடுகிறது. இதனை 'உலோகச் சோர்வு' என்பர்.

கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய வளைவும், இலட்சக்கணக்கான முறை நிகழுமானால், எஃகில் விரிசலை உண்டாக்கிவிடும். இதற்கு நல்ல சான்று ஒன்று பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் பின்புறத்தில் இருக்கிறது. அந்தக் கார் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் 1976 வரை உருவாக்கப்பட்ட டிரையம்ஃப் டி.ஆர்.6. அதன் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆனபின்னும், ஆர்வலர்கள் அதைப் பிரித்து, வலுவூட்டி, மீண்டும் ஓட்டிவருகிறார்கள். அவர்கள் செய்யும் வேலையின் காரண காரியங்களை இங்கே காண்போம்.

இருசு போய்ச் சட்டம் வந்தது

பழைய டி.ஆர். கார்களில், மாட்டுவண்டியைப் போலவே, பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே விறைப்பான இருசில் பிணைக்கப்பட்டிருந்தன. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மற்றதும் சாயும். 1965இல் வந்த டி.ஆர்.4ஏ காரில் இது மாறியது. ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனி அலுமினியக் கையில் பொருத்தப்பட்டது. கையின் முன்முனை ரப்பர் புஷ்கள் வழியாகக் காரின் அடிச்சட்டத்தோடு இணைந்திருக்கும். கைக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு சுருள்வில் நிற்கும். இப்போது ஒரு சக்கரத்தின் துள்ளல் மற்றதைப் பாதிக்காது.

ஆனால், எந்த வசதிக்கும் ஒரு விலை உண்டு. விறைப்பான இருசில், சக்கரங்களுக்கு விசையைப் பகிர்ந்தளிக்கும் டிஃபரன்ஷியல் பெட்டி இருசோடு சேர்ந்திருந்தது. அதன் உதைப்பைப் பட்டைவில்கள் வாங்கிக்கொண்டன. புதிய அமைப்பில் அப்பெட்டி, நான்கு முளைகளால் நேரே அடிச்சட்டத்தில் பொருத்தப்பட்டது. உதைப்பு முழுவதும் அந்த முளைகளுக்கு வந்து சேர்ந்தது.

வலப்பக்க முன்முளை

அந்த உதைப்பு எவ்வளவு? டி.ஆர்.6இன் இரண்டரை லிட்டர் எஞ்சின் தரும் உச்ச முறுக்குவிசை, பெட்ரோல் உட்செலுத்தும் வகையில், சுமார் 22 கிலோகிராம்-மீட்டர். முதல் கியரில் அது சுமார் மூன்று மடங்காகப் பெருகுகிறது. டிஃபரன்ஷியலில் மேலும் சுமார் மூன்றரை மடங்காகிறது. ஆக, சக்கரங்களைச் சுழற்றும் முறுக்குவிசை 220 கிலோகிராம்-மீட்டருக்கு மேல். ஒரு மீட்டர் நீளமுள்ள நெம்புகோலின் முனையில் 220 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்கு இது சமம்.

சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்போது, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, பெட்டி எதிர்த்திசையில் சுழல முயல்கிறது. அதனால் அதன் மூக்கு மேலே எழும்புகிறது. இது முதல் உதைப்பு. எஞ்சினிலிருந்து வரும் நீண்ட தண்டும் பெட்டியைப் பக்கவாட்டில் புரட்டப் பார்க்கிறது. பின்னாலிருந்து பார்த்தால் வலப்பக்கம் உயரும், இடப்பக்கம் தாழும். இது இரண்டாவது. இரண்டு உதைப்புகளும் ஒன்றுசேரும் இடம் வலப்பக்க முன்முளை. ஆகவே அதுவே முதலில் விரிசல் காண்பதில் வியப்பில்லை.

டி.ஆர்.4ஏயின் நான்கு சிலிண்டர் எஞ்சினுடைய உச்ச முறுக்குவிசை ஏறத்தாழ 18 கிலோகிராம்-மீட்டர்தான். 1967இல் ஆறு சிலிண்டர் எஞ்சின் வந்தபோது சுமை கூடியது. ஓட்டுநர் கிளட்சை விடும்போது ஒரு உதைப்பு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது எதிர் உதைப்பு. நாம் கம்பியை மடக்கியதும் இப்படித்தானே? பின்புறத்திலிருந்து 'டொக்' என்று ஓசை கேட்டால் முதலில் அந்த முளையின் அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும்.

ஒட்டுப் போட்டால் போதுமா?

போதாது. விரிசலை மட்டும் பற்றவைத்தால், அதே மெல்லிய தகடு அதே உதைப்பை வாங்கும். பற்றவைப்பின் சூட்டால் தன்மை மாறிய ஓரத்தில் புதிய விரிசல் தோன்றும். செய்ய வேண்டியது, விசையைப் பரந்த இடத்துக்குப் பகிர்ந்தளிப்பதே.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். தடித்த காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி, ஓரத்தை நீளவாட்டில் முழுவதும் ஒட்டுங்கள். உலர்ந்தபின் இரு முனைகளையும் பிடித்து முறுக்குங்கள். எதிர்த்து நிற்கும். இப்போது குழாயை நீளவாட்டில் ஒரே கோடாக வெட்டிவிட்டு முறுக்குங்கள். துவண்டுவிடும். காகிதம் குறையவில்லை, வலிமை போய்விட்டது. மூடிய வடிவமே முறுக்கத்தை எதிர்க்கிறது.

முளையைத் தாங்கும் தகட்டின் திறந்த பக்கங்களில் எஃகுத் துண்டுகளை வைத்துப் பெட்டிபோல் மூடிப் பற்றவைப்பது இதனால்தான். அப்போதும் ஒன்றை மறக்கலாகாது. மிகத் தடித்த தகட்டை வைத்துச் சட்டென்று முடித்தால், அது முடியும் விளிம்பில் சட்டம் சோர்வுறும். வலுவூட்டல் படிப்படியாகக் குறைந்து முடிய வேண்டும். அடியில் துருப்பிடித்திருந்தால், அதை வெட்டி நீக்கி நல்ல இரும்பை இணைத்த பிறகே இந்த வேலை. துருவின்மேல் பற்றவைப்பது மணலில் முளையடிப்பது போன்றது.

அலுமினியக் கைகள்

ஒவ்வொரு கையின் பின்முனையிலும் சக்கரத்தின் நடுக்கூடு ஆறு எஃகு மரையாணிகளால் பொருத்தப்பட்டுள்ளது. எஃகைவிட அலுமினியம் மென்மையானது. ஈரம் புகுந்தால் இரு உலோகங்களும் சிறு மின்கலம்போல் இயங்க, அலுமினியம் அரிக்கப்படும். நாளடைவில் மரை வழுக்கும். இதற்குப் பெரிய மரை வெட்டி, எஃகுக் கம்பிச் சுருளை உள்ளே பதிக்கிறார்கள். சுமை அகன்ற மரையில் பரவுவதால் பிடி முன்னைவிட உறுதியாகும்.

ரப்பர் புஷ்கள் தளர்ந்தால், காலை எடுத்ததும் பின்சக்கரங்கள் தாமாகவே சற்றுத் திரும்பி, வளைவில் காரின் வாலை வெளியே தள்ளும். புதிய புஷ்களைப் போடும்போது ஒரு நுணுக்கம் உண்டு. காரின் எடை சக்கரங்களில் இறங்கிய பின்னரே அவற்றின் போல்ட்டுகளை இறுதியாக முடுக்க வேண்டும். கை தொங்கும் நிலையில் முடுக்கிவிட்டால், ரப்பர் எப்போதும் முறுக்குண்டே கிடந்து விரைவில் கிழியும். ரப்பருக்குப் பதில் பாலியூரிதேன் புஷ்களைப் போடுவோரும் உண்டு. அவை அசைவைக் குறைக்கும். ஆனால் ஓசையையும் அதிர்வையும் கூடுதலாகச் சட்டத்துக்குக் கடத்தும்.

உயிரோடு விளையாடாதீர்

சுருள்வில்லை எளிதாக எண்ண வேண்டாம். சான்றாக, 400 கிலோ விசையால் 15 சென்டிமீட்டர் சுருங்கிய வில்லில் உள்ள ஆற்றல், 30 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். காரின் சட்டத்தை உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, கையின் அடியில் ஜாக்கி வைத்து, மெல்ல மெல்ல இறக்கிய பிறகே வில்லை எடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் புகுவது தற்கொலைக்கு ஒப்பு.

இக்காரில் பெட்ரோல் தொட்டி இருக்கைகளுக்குப் பின்னால், பின்சக்கர அமைப்புக்கு நேர்மேலே இருக்கிறது. அதைக் கழற்றி வெளியே கொண்டுபோகாமல் பற்றவைக்கத் தொடங்கக் கூடாது. காலித் தொட்டியும் ஆபத்தானதே. அதில் நிற்கும் ஆவி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். பற்றவைத்த உலோகம் ஆறும்போது சுருங்குமாதலால், வேலைக்கு முன்னும் பின்னும் சட்டத்தின் மூலைவிட்டங்களை அளந்து ஒப்பிட வேண்டும். அளவு பிசகினால் கார் நேராக ஓடாது.

கார் ஓட்டாதவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. உங்கள் மிதிவண்டியின் சட்டத்திலோ, ஊஞ்சலின் கொக்கியிலோ மயிரிழை போன்ற கோடு தெரிந்தால், "இத்தனை நாள் தாங்கியதே" என்று அமைதி கொள்ளாதீர்கள். இத்தனை நாள் தாங்கியதால்தான் அது சோர்ந்திருக்கிறது.