ஏறும் வழி வேறு, இறங்கும் வழி வேறு

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், எங்கள் வானொலி நிலையத்துக்கு வரும் அழைப்புகளில் லடாக்கின் பெயர் அடிபடத் தொடங்கிவிடும். "மணாலியிலிருந்து லே வரைக்கும் காரிலேயே போகணும், எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்பார்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. முதல் இரவு எந்த உயரத்தில் தூங்கப் போகிறீர்கள்?

நம் நாட்டின் ஆக உயரமான கினபாலு சிகரம் 4,095 மீட்டர். மணாலி–லே சாலையில் கார் அதையும் தாண்டி ஏறுகிறது. பாராலாச்சா லா ஏறக்குறைய 4,890 மீட்டர். லாச்சுங் லா 5,000 மீட்டருக்கு மேல். தங்லாங் லா 5,300 மீட்டருக்கு மேல். 'லா' என்றால் திபெத்திய மொழியில் கணவாய். தங்லாங் லாவில் ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான்.

அழகுக்குக் குறைவில்லை. 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது பச்சைக் காடு. வெளியே வந்தால் வறண்ட லாஹௌல் பள்ளத்தாக்கு. பிறகு கட்டா வளைவுகள்: மலையை 21 கொண்டை ஊசித் திருப்பங்களில் ஏறும் சாலை. அதற்கும் அப்பால், 4,000 மீட்டருக்கு மேலே மேசைபோல் விரிந்த மோரே சமவெளி.

2020 அக்டோபரில் அந்தச் சுரங்கப்பாதை திறக்கப்பட்டதிலிருந்து பயணம் எளிதாகிவிட்டது. சிக்கலும் அங்கேதான். காலையில் 2,050 மீட்டர் உயரத்து மணாலியில் புறப்படுபவர், மாலையில் ஏறக்குறைய 4,300 மீட்டரில் உள்ள சர்ச்சு கூடாரத்தில் படுத்துவிடலாம். ஆனால் 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மருத்துவர்களின் பரிந்துரை.

தலைவலி, குமட்டல், பசியின்மை வந்தால் மேலே ஏறாமல் அங்கேயே ஓய்வெடுக்க வேண்டும். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. சர்ச்சுவின் ஆபத்து என்னவென்றால், அது இரண்டு கணவாய்களுக்கு நடுவில் இருக்கிறது. மணாலிக்குத் திரும்பினாலும் லே பக்கம் போனாலும், இறங்குவதற்கு முன் இன்னும் உயரம் ஏறித்தான் ஆக வேண்டும்.

அதனால் ஸ்ரீநகர் வழியாக ஏறி, மணாலி வழியாக இறங்குவது நல்லது. ஸ்ரீநகர் 1,600 மீட்டர். முதல் இரவு சோனாமார்க்கில், சுமார் 2,700 மீட்டர். மறுநாள் 3,500 மீட்டர் ஸோஜி லாவைக் கடந்தாலும், இரவு தூங்குவது மீண்டும் 2,700 மீட்டரில், கார்கிலில். அடுத்த நாள் 4,108 மீட்டர் ஃபோட்டு லாவைத் தாண்டி, 3,500 மீட்டரில் உள்ள லே. அங்கே இரண்டு நாள் ஓய்வு. அதன் பிறகு பெரிய கணவாய்கள் வரும்போது உடல் பழகியிருக்கும்.

காஷ்மீர் வழிக்கு நம் வெளியுறவு அமைச்சின் பயண ஆலோசனையை முதலில் பாருங்கள். அந்த வழி சரிவராவிட்டால், லே நகருக்கு விமானத்தில் போய், குறைந்தது இரண்டு முழு நாள் ஓய்வெடுத்து, மணாலிக்குக் காரில் இறங்கலாம். இரண்டு சாலைகளும் பனிக்காலத்தில் மூடப்படும் என்பதால் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம்.

இதய, நுரையீரல் நோயுள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் டிக்கெட் வாங்க வேண்டாம். மலை நோய்த் தடுப்பு மாத்திரையும் அவர் சொன்னால் மட்டும்தான். சின்னப் பிள்ளைகளுக்குத் தலைவலி என்று சொல்லத் தெரியாது. விளையாட்டை விட்டுச் சோர்ந்து, சாப்பாட்டைத் தள்ளினால் அதையே அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பயண முகவர் அனுப்பும் அட்டவணையில், ஒவ்வோர் இரவுக்கும் நேரே அந்த ஊரின் உயரத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரே இரவில் அந்த எண் 2,000 கூடியிருந்தால், முதலாளியிடம் இன்னும் இரண்டு நாள் விடுப்புக் கேளுங்கள்.