லாக்கைக் கீழிருந்து மேலே படியுங்கள்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேசலாம். விடிகாலையில் தளம் படுத்துவிட்டது என்று போன் வந்தால் பலருக்கும் கை முதலில் போவது ரீஸ்டார்ட்டுக்குத்தான். கொஞ்சம் பொறுங்கள். என்ன நடந்தது என்று லினக்ஸ் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது.

1980களில் எரிக் ஆல்மன், சென்ட்மெயிலுக்காக சிஸ்லாக்கை உருவாக்கினார். ஒவ்வொரு வரிக்கும் 0 முதல் 7 வரை தீவிர எண் உண்டு: 0 என்றால் எமர்ஜென்சி, 3 என்றால் எரர், 7 வெறும் டீபக். அந்த எண்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. இப்போது பெரும்பாலான லினக்ஸில் பதிவு சிஸ்டம்டி ஜர்னலுக்குப் போகிறது, படிக்க ஜர்னல்சிடிஎல்.

தளம் 3.10க்கு விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். 'சின்ஸ்', 'அன்டில்' கொடுத்து அந்த அரைமணி நேரத்தை மட்டும் எடுங்கள். கடைசியில் வரி வரியாக 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு'. புதிதாக வருபவர்கள் இதைப் பிடித்துக்கொண்டு வெப் சர்வர் செட்டிங்கைக் குடைவார்கள். அது விளைவு, காரணம் அல்ல. மேலே போங்கள். டேட்டாபேஸ் சிக்னல் 9 வாங்கிச் செத்திருக்கிறது. அதற்கும் மேலே கெர்னலின் வரி: 'அவுட் ஆஃப் மெமரி: கில்டு பிராசஸ்'.

இங்கேயும் நின்றுவிடாதீர்கள். மெமரி தீர்ந்தால் கெர்னல் பெரும்பாலும் அதிகம் வைத்திருப்பவரைத்தான் கொல்லும். திடீரென்று வீங்கியது வேறொன்றாக இருக்கலாம். அந்த வரிக்கு மேலேயே அப்போது ஓடிய பிராசஸ்களின் பட்டியல் இருக்கும். அதில் ஒவ்வொன்றும் பிடித்திருக்கும் மெமரியைக் காட்டும் ஆர்எஸ்எஸ் பத்தி பேஜ் கணக்கில் இருக்கும். வழக்கமான இன்டெல், ஏஎம்டி சர்வரில் ஒரு பேஜ் 4 கேபி. பெருக்கிப் பாருங்கள். 3 மணிக்குக் கிரானில் கிளம்பிய பேக்கப் ஸ்கிரிப்ட் பல நூறு எம்பியோடு அங்கே உட்கார்ந்திருக்கும். திருத்த வேண்டியது அதைத்தான்.

ரீஸ்டார்ட் வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில சிஸ்டங்களில் ஜர்னல் மெமரியில் மட்டுமே இருக்கும், அணைத்தால் போயிற்று. 'வார்', 'லாக்', 'ஜர்னல்' என்ற பாதையில் ஒரு டைரக்டரி இருந்தால், இயல்பான அமைப்பில் பதிவு டிஸ்க்கில் தங்கும். 'பூட்' ஆப்ஷனுக்கு மைனஸ் 1 கொடுத்து முந்தைய ஓட்டத்தையும் படிக்கலாம். டிஸ்க் நிரம்பிவிடும் என்று பயப்பட வேண்டாம்: தானாகவே 10 சதவீதம், அதிகபட்சம் 4 ஜிபி என்று நின்றுகொள்ளும்.

உங்கள் சர்வரில் அந்த டைரக்டரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ரீஸ்டார்ட் செய்த பிறகு உருவாக்கினால் பழைய பதிவு திரும்பி வராது.