இசையமைப்பில் செயற்கை நுண்ணறிவு: கருவிகளின் விளக்கக் குறிப்புகள் தெளிவாக அமைதல் அவசியம்

பாடலொன்றின் ஒலிப்பதிவு முடிவடைந்த பின்னர், குரலும் வாத்தியங்களும் தனித்தனித் தடங்களாகக் கணினியில் இடம்பெறுகின்றன. அவற்றின் ஒலியளவைச் சீர்செய்து ஒன்றாகக் கலக்கும் பணி நெடுங்காலமாக ஒலிப்பதிவாளரின் செவியையும் அனுபவத்தையுமே நம்பியிருந்தது. இப்போது அப்பணியின் ஒரு பகுதியைச் செயற்கை நுண்ணறிவு முகவர்களிடம் ஒப்படைக்கும் முயற்சிகள் மேற்கொள்ளப்படுகின்றன. கேள்விக்கு விடை கூறுவதோடு நின்றுவிடாது, பிற மென்பொருட்களைத் தானே இயக்கிக் காரியமாற்றும் நிரலே முகவர் எனப்படுகின்றது.

இதற்கான பொது இணைப்பு முறையொன்றை அந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. மொடல் கொன்டெக்ஸ்ட் புரொட்டோகோல் என்பது அதன் பெயராகும். ஏபிள்டன் லைவ், ரீப்பர் போன்ற இசைத் தயாரிப்பு மென்பொருட்களை முகவர்களுடன் இணைக்கும் நிரல்கள் இம்முறையைப் பின்பற்றி எழுதப்பட்டுள்ளன. தடத்தை உருவாக்குதல், சுரங்களைச் சேர்த்தல், ஒலியளவை மாற்றுதல் என ஒவ்வொரு செயலும் இங்கு ஒரு மென்பொருட் கருவியாகக் கருதப்படுகின்றது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், சில வரிகளில் ஒரு விளக்கம், கொடுக்கப்பட வேண்டிய தரவுகளின் பட்டியல் ஆகியன உண்டு. எந்தக் கருவியை, எந்தப் பெறுமானத்துடன் பயன்படுத்துவது என்பதை முகவர் பெரும்பாலும் இவற்றை வாசித்தே தீர்மானிக்கின்றது. மனிதர் தவறிழைத்தால் அடுத்த கணமே அவரது செவி அதை உணர்த்திவிடும். வெளிவரும் ஒலியைக் கேட்கும் வசதி பொதுவாக இத்தகைய முகவருக்கு வழங்கப்படுவதில்லை. எனவே விளக்கக் குறிப்பே அதன் செவி எனலாம்.

ஒலியளவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ரீப்பரின் நிரலாக்க இடைமுகத்தில் தடமொன்றின் ஒலியளவு 1 எனக் குறிக்கப்பட்டால், ஒலி கூடாமலும் குறையாமலும் அப்படியே வெளிவரும். ஏபிள்டன் லைவில் அதே நிலையைக் குறிப்பது 0.85 என்ற பெறுமானமாகும். அங்கு 1 என்பது 6 டெசிபல் அதிகரிப்பாகும். அதாவது ஒலியலையின் வீச்சு ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். 'தடத்தின் ஒலியளவை மாற்றும்' என்று மாத்திரம் எழுதப்பட்ட விளக்கம் பொய்யானதல்ல; ஆயினும் போதுமானதல்ல. அதை நம்பி முகவர் 1 என்பதை இயல்பு நிலையெனக் கருதினால், பின்னணியில் மெல்ல ஒலிக்க வேண்டிய தம்புரா பாடகரின் குரலை அமிழ்த்திவிடும். 1 என்பது அனுமதிக்கப்பட்ட பெறுமானம் என்பதால் மென்பொருள் எவ்விதப் பிழையையும் சுட்டிக்காட்டாது.

எண்களின் பொருளை எழுத்தில் வரையறுப்பதன் பெறுமதியை இசைத்துறை முன்னரே அறிந்திருந்தது. 1983 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடைபெற்ற இசைக்கருவி வர்த்தகக் கண்காட்சியில், இரு வேறு நிறுவனங்களின் மின்னணு விசைப்பலகைகள் மிடி என்னும் முறையின் மூலம் இணைத்துக் காட்டப்பட்டன. போட்டி நிறுவனங்கள் ஒரே எண்ணுக்கு ஒரே பொருளை ஏற்றுக்கொண்டமையே நான்கு தசாப்தங்களாக அம்முறை நிலைத்திருப்பதற்குப் பிரதான காரணமாகும். எனினும் வரையறுக்கப்படாது விடப்பட்ட சிறு இடைவெளியொன்று இன்றும் தொல்லை தருகின்றது. மிடியில் 60 ஆம் இலக்கச் சுரத்தை யமஹா நிறுவனம் 'சி 3' என்கிறது. ரோலண்ட் நிறுவனம் 'சி 4' என்கிறது. கருவியின் விளக்கம் எந்த வழக்கைப் பின்பற்றுகின்றது எனக் கூறாவிடின், மெட்டு முழுவதும் ஒரு ஸ்தாயி மேலோ கீழோ நகர்ந்துவிடும்.

நமது இசைமரபுகளுக்கு இது மேலும் முக்கியமானதாகும். கர்நாடக இசையின் கமகங்களையும், அரபு மக்காம் முறையில் அரைச்சுரங்களுக்கு இடையே வரும் நுண்சுரங்களையும் மிடியில் கொண்டுவருவதற்கு, சுரத்தை வளைக்கும் கட்டளை பெரிதும் பயன்படுகின்றது. அக்கட்டளை 0 முதல் 16383 வரையான எண்களைக் கொண்டது, 8192 நடுநிலையாகும். ஆனால் உச்ச எண் எத்தனை அரைச்சுரங்களைக் குறிக்கும் என்பது ஒலிக்கும் கருவியின் அமைப்பைப் பொறுத்தது. பொதுவாக இரண்டு எனினும், பன்னிரண்டாகவும் அமைக்கப்படலாம். விளக்கம் இதைக் கூறாதபோது நுட்பமான அசைவு அபசுரமாக மாறிவிடும்.

ஆகவே நல்லதொரு விளக்கம் என்ன செய்யும் என்பதோடு, பெறுமானத்தின் அலகு, கீழ் மேல் எல்லைகள், இயல்பு நிலை ஆகியவற்றையும் கூற வேண்டும். தடங்களின் எண்ணிக்கை 0 இலிருந்து தொடங்குகின்றதா, 1 இலிருந்து தொடங்குகின்றதா என்பதும் குறிப்பிடப்படல் வேண்டும். இன்றேல் மூன்றாம் தடத்தை நீக்கும்படி கேட்டவர் நான்காம் தடத்தை இழக்க நேரிடும். மீளப்பெற முடியாத செயல்கள் தனித்துச் சுட்டப்பட்டு, பயனாளரின் சம்மதம் பெற்ற பின்னரே நிறைவேற்றப்பட வேண்டுமென எழுதப்படல் அவசியமாகும். தடத்தை நீக்கியதை மென்பொருளிலேயே மீட்கலாம். ஆனால் பழைய ஒலிக்கோப்பின் மேல் புதியது எழுதப்பட்டுவிட்டால், பிரதி இல்லாதவிடத்து மூலம் அழிந்துபோகும். மறைந்த பாடகர் ஒருவரின் குரல் அக்கோப்பில் இருந்திருப்பின், அதனை ஈடுசெய்ய எவராலும் இயலாது.

விளக்கவுரை எழுதுவதை நிரல் எழுதி முடித்த பின் செய்யும் எடுபிடி வேலையாகக் கருதும் போக்கு இத்துறையில் நீண்டகாலமாகவே நிலவுகின்றது. வாசிப்பவர் மனிதராக இருந்தவரை, குறைகளை அவரது பொது அறிவு நிரப்பியது. வாசிப்பது இயந்திரமாகிவிட்ட நிலையில், எழுதப்படாத சொல் தவறான செயலாக உருவெடுக்கின்றது. எனவே இக்குறிப்புகளை எழுதும் பணியில் நிரலாளருடன் இசைக்கலைஞரும் ஒலிப்பதிவாளரும் இணைந்துகொள்ள வேண்டும். எந்த எண் செவிக்கு எவ்வாறு ஒலிக்கும் என்பதை அறிந்தவர்கள் அவர்களே.